இன்பாக்ஸில் தொலைந்த மெயிலைத் தேடிப் பிடிப்பது எப்படி? தேடல் கட்டளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய வேலையின் அனுபவச் சான்றிதழ் ஒருமுறை அவசரமாகத் தேவைப்பட்டது. மறுநாள் காலைக்குள் அனுப்பியாக வேண்டும். அது மெயிலில் வந்ததும், நான் அச்செடுத்ததும் நன்றாக நினைவில் இருந்தது. தேடல் பெட்டியில் சான்றிதழ் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை அடித்தேன். பயிற்சி வகுப்பு விளம்பரங்கள், பாடநெறி அறிவிப்புகள், யாரோ எப்போதோ அனுப்பிய பங்கேற்புச் சான்றுகள் என்று நூற்றுக்கணக்கில் வந்து கொட்டின. பாதி இரவு பக்கம் பக்கமாகப் பார்த்தும் நான் தேடியது அகப்படவில்லை.

கடைசியில் கிடைத்த பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த மெயிலில் சான்றிதழ் என்ற சொல்லே இல்லை. தலைப்பு வெறும் 'எஃப்டபிள்யூடி', அதாவது வந்த மெயிலை அப்படியே மேலனுப்பும்போது தானாகச் சேரும் ஆங்கிலச் சுருக்கம். உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. இணைப்பின் பெயர் 'ஸ்கேன்0003.பிடிஎஃப்'. அனுப்பியவரும் அலுவலக முகவரியை விட்டுவிட்டுத் தன் சொந்த முகவரியிலிருந்து அனுப்பியிருந்தார். எந்தச் சொல்லைப் போட்டாலும் அது வந்திருக்காது. பிடிஎஃப் இணைப்பு இருக்க வேண்டும், வேலையை விட்ட பிறகான மூன்று மாதத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று இரண்டே நிபந்தனைகள் கொடுத்ததும் பட்டியல் ஒரே திரைக்குள் அடங்கியது. ஏழாவது வரியில் இருந்தது என் சான்றிதழ்.

அன்றிலிருந்து மெயில் தேடும் எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: மெயிலில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று ஊகித்துத் தேடாதீர்கள். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவோ, அதிலிருந்து தொடங்குங்கள். யார் அனுப்பியது, ஏறக்குறைய எப்போது, இணைப்பு இருந்ததா, படித்தோமா இல்லையா என்பதெல்லாம் பெரும்பாலும் நினைவில் நிற்கும். வாசகம் நிற்காது.

இப்படித் தேட முடிவதற்குக் காரணம் மின்னஞ்சலின் அமைப்பு. ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி என்று தனித்தனி வரிகள் உண்டு. 1982இல் வெளியான ஆர்எஃப்சி 822 என்ற தரநிலை வகுத்த இந்த அமைப்புதான் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. தேடல் கட்டளை என்பது 'எல்லா இடத்திலும் தேடாதே, இந்த வரியில் மட்டும் தேடு' என்று சொல்வது, அவ்வளவே. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தபோது 1 ஜிபி இடம் கொடுத்தது. மற்ற இலவசச் சேவைகள் அப்போது சில எம்பி மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தன. எதையும் அழிக்க வேண்டாம், தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் அழைப்பு. நாமும் அழிக்கவில்லை. ஆனால் தேடக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு.

கீழே ஜிமெயிலை வைத்தே விளக்குகிறேன். மற்றவற்றைப் பற்றிக் கடைசியில் ஒரு பத்தி இருக்கிறது.

எழுதும் முறை

கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். 'ஃப்ரம்:' என்று நான் எழுதினால் அந்த ஆங்கிலச் சொல்லை அடித்து, ஒட்டியே முக்காற்புள்ளி வையுங்கள். முக்காற்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடாமல் தேட வேண்டியதை எழுதுங்கள். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே மட்டும் ஓர் இடைவெளி. அப்படி அடுத்தடுத்து எழுதினால் 'இதுவும் பொருந்த வேண்டும், அதுவும் பொருந்த வேண்டும்' என்று அர்த்தம்.

கணினியில் அமைப்புகளுக்குப் போய் விசைப்பலகைக் குறுக்குவழிகளை இயக்கி வைத்திருந்தால், சாய்கோட்டு விசையை ஒருமுறை தட்டினால் கர்சர் நேராகத் தேடல் பெட்டிக்குப் போய்விடும். பழகிவிட்டால் மவுஸைத் தொட மனம் வராது.

முதல் கேள்வி: யார்?

ஃப்ரம்: அனுப்பியவரைத் தேடும். டு: பெற்றவரைத் தேடும். சிசி: நகல் போனவரை. முழு முகவரி தெரிய வேண்டும் என்பதில்லை, பெயர் போதும். ஒரு நிறுவனத்திலிருந்து வந்த எல்லா மெயிலும் வேண்டும் என்றால் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் டொமைன் பெயரைக் கொடுங்கள். ஒரே நிறுவனம் ரசீதை ஒரு முகவரியிலிருந்தும், நினைவூட்டலை இன்னொரு முகவரியிலிருந்தும் அனுப்பும். டொமைனைக் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

உங்களையே குறிக்க 'மீ' என்ற சொல் போதும்:

ஃப்ரம்:மீ டு:குமார்

குமாருக்கு நீங்கள் அனுப்பியதெல்லாம் வரும். 'அவருக்குப் பதில் போட்டேனா?' என்ற சந்தேகம் தீர இந்த ஒரு வரி போதும்.

என் சான்றிதழ் கதையில் ஃப்ரம்: கட்டளைதான் என்னை ஏமாற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அலுவலக டொமைனைக் கொடுத்துத் தேடினேன், வந்ததோ சொந்த முகவரியிலிருந்து. ஆகவே டொமைனில் கிடைக்கவில்லை என்றால் ஆளின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பெயரிலும் இல்லை என்றால் அந்த நிபந்தனையையே எடுத்துவிடுங்கள்.

ஜிமெயிலில் உங்கள் பெயருக்கும் 'அட்' குறிக்கும் நடுவே கூட்டல் குறி போட்டு ஒரு சொல் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வந்து சேரும். பதிவு செய்யும் தளங்களில் இப்படிக் கொடுத்து வைத்திருப்பவர்கள், டு: கட்டளையோடு அந்த முழு முகவரியையும் கொடுத்தால் அந்த வகை மெயில்களை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

இணைப்பு இருந்ததா?

ஹேஸ்:அட்டாச்மென்ட் என்றால் இணைப்புள்ளவை மட்டும். இதைவிடக் கூர்மையானது ஃபைல்நேம்: கட்டளை. அதற்குப் பின்னால் கோப்பின் பெயரையும் கொடுக்கலாம், வகையையும் கொடுக்கலாம்:

ஃபைல்நேம்:பிடிஎஃப்

கோப்பின் பெயர் என்னவென்று யாருக்கும் நினைவிருப்பதில்லை. ஆனால் அது படமா, பிடிஎஃபா, எக்செல்லா என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்றே பட்டியலைப் பெருமளவு குறைத்துவிடும். படங்களில் மட்டும் கவனம் வேண்டும். ஒரே மாதிரிப் படம் ஜேபிஜி என்றும் வரும், ஜேபிஈஜி என்றும் வரும், பிஎன்ஜி என்றும் வரும். மூன்றையும் நெளி அடைப்புக்குள் போடுங்கள்:

{ஃபைல்நேம்:ஜேபிஜி ஃபைல்நேம்:ஜேபிஈஜி ஃபைல்நேம்:பிஎன்ஜி}

நெளி அடைப்புக்குள் இருப்பவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்.

இன்னொரு இடத்தில் பலர் தடுமாறுவார்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை இணைப்பாக அனுப்ப முடியாது. அது கூகுள் டிரைவுக்கு ஏற்றப்பட்டு, மெயிலில் சுட்டி மட்டும் போகும். 'பெரிய வீடியோ அனுப்பினாரே, இணைப்பில் தேடினால் இல்லையே' என்றால் ஹேஸ்:டிரைவ் என்று கொடுத்துப் பாருங்கள்.

எப்போது?

எனக்குக் கேட்டால், இருப்பதிலேயே வலுவான கட்டளைகள் தேதிக்கானவைதான். நமக்குத் தேதி நினைவிருக்காது என்று நினைக்கிறோம். உண்மையில் தேதி நினைவிருக்காதே தவிர, காலம் நினைவிருக்கும். வீடு மாறுவதற்கு முன், குழந்தை பிறந்த பிறகு, அந்தப் பயணத்துக்குக் கிளம்பும் வாரம் என்று ஒவ்வொன்றும் ஏதாவதொன்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைத் தேதியாக மாற்றினால் போதும்.

ஆஃப்டர்:2021/03/01 பிஃபோர்:2021/07/01

வருடம், மாதம், நாள் என்ற வரிசையில், நடுவே சாய்கோடு வைத்து எழுதுங்கள். வருடத்தை முன்னால் வைத்துவிட்டால் நாளும் மாதமும் இடம் மாறிக் குழம்பாது. ஆஃப்டர்: கொடுத்த நாளில் வந்த மெயில்களும் பட்டியலில் சேரும், பிஃபோர்: கொடுத்த நாளில் வந்தவை சேராது. மார்ச் 10 ஒரு நாளின் மெயில்கள் மட்டும் வேண்டும் என்றால் மார்ச் 10, மார்ச் 11 என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். எதற்கும் முன்னும் பின்னும் ஓரிரு நாள் தாராளமாக விட்டுக் கொடுப்பது நல்லது. அனுப்பியவர் வேறு நேர மண்டலத்தில் இருந்தால் நாள் மாறித் தெரியலாம்.

இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணுவதற்கு வேறு இரண்டு கட்டளைகள் உண்டு. நியூவர்_தேன்: என்பது இத்தனை நாளுக்குள் வந்தவை. ஓல்டர்_தேன்: என்பது இத்தனை நாளுக்கு மேல் பழையவை. சொற்களுக்கு நடுவே இருப்பது அடிக்கோடு, இடைக்கோடு இல்லை. எண்ணுக்குப் பின்னால் நாளுக்கு டி, மாதத்துக்கு எம், வருடத்துக்கு ஒய் என்ற எழுத்தை ஒட்டி எழுத வேண்டும்:

நியூவர்_தேன்:10டி ஃப்ரம்:குமார்

கடந்த பத்து நாளில் குமாரிடமிருந்து வந்தவை இவை.

அடிக்கோடு இல்லாத ஓல்டர்:, நியூவர்: என்ற கட்டளைகளும் இருக்கின்றன. அவற்றுக்கு பிஃபோர்:, ஆஃப்டர்: போலவே முழுத் தேதி கொடுக்க வேண்டும். இந்த இரண்டு சோடிகளையும் மாற்றிப் போட்டுவிட்டு 'தேடல் வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சொற்களைக் கொண்டு தேடும்போது

சொல் உறுதியாகத் தெரிந்திருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சப்ஜெக்ட்: போட்டால் தலைப்பில் மட்டும் தேடும். இரண்டு மூன்று சொற்கள் அதே வரிசையில் வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். சொல்லின் முதல் சில எழுத்துகளை மட்டும் அடித்து, மீதியை அது பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்காதீர்கள். நட்சத்திரக் குறி போட்டாலும் பயனில்லை. முழுச் சொல்லாகக் கொடுங்கள்.

'இதுவோ அதுவோ' என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஓஆர்' என்று அடிக்க வேண்டும், இரண்டும் பெரிய எழுத்தில். சிறிய எழுத்தில் அடித்தால் அது கட்டளை ஆகாது. பல நிபந்தனைகள் சேரும்போது வளைவு அடைப்பு போடுங்கள். நீங்கள் எதை எதோடு சேர்த்து நினைக்கிறீர்களோ அதை அடைப்புதான் காட்டும்:

(ஃப்ரம்:குமார் ஓஆர் ஃப்ரம்:ராணி) ஹேஸ்:அட்டாச்மென்ட்

வேண்டாததை விலக்கக் கழித்தல் குறி. அதை அடுத்த சொல்லோடு ஒட்டி எழுதுங்கள். கட்டளைகளுக்கு முன்னாலும் போடலாம். என் தேடல்களில் பாதிக்கு மேற்பட்டவற்றின் கடைசியில் இது இருக்கும்:

-கேட்டகரி:ப்ரமோஷன்ஸ்

விளம்பர வகையில் ஜிமெயில் ஒதுக்கியவை அனைத்தும் ஒரே அடியில் விலகிவிடும்.

விலக்கிய சொல் இருக்கும் மெயில் சிலசமயம் பட்டியலில் தலைகாட்டும். பிழை என்று நினைத்துவிடாதீர்கள். ஜிமெயில் ஒவ்வொரு மெயிலாகப் பொருத்திப் பார்த்தாலும், பதில்களையெல்லாம் சேர்த்து ஒரே உரையாடலாகத்தான் காட்டும். அந்த உரையாடலில் ஒரு மெயில் பொருந்தினால் முழுதும் வந்து நிற்கும். அமைப்புகளில் உரையாடல் காட்சியை நிறுத்தினால் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும்.

தமிழில் தேடுவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் மொழியில் சொல் உருபேற்று வடிவம் மாறும். கூட்டம் என்று நீங்கள் தேடுவீர்கள். மெயிலில் 'கூட்டத்தில்' என்றோ 'கூட்டத்துக்கு' என்றோ இருக்கும். ஆகவே ஒரே வடிவத்தை நம்பாமல், வரக்கூடிய வடிவங்களை நெளி அடைப்புக்குள் அடுக்குங்கள். கூடவே, அனுப்பியவர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருக்கலாம், நேரடியாக மீட்டிங் என்றே எழுதியிருக்கலாம். அந்த வடிவங்களையும் அதே அடைப்புக்குள் சேருங்கள்:

{கூட்டம் கூட்டத்தில் கூட்டத்துக்கு மீட்டிங்}

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் முறை பரவுவதற்கு முன்பு, எழுத்துகளைக் கணினியில் வேறு விதமாகக் குறித்த டிஸ்கி, டாப் போன்ற குறியாக்கங்களில் எழுதிய பழைய தமிழ் மெயில்கள் சிலரிடம் இருக்கும். திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். அவற்றை எந்தத் தமிழ்ச் சொல்லாலும் பிடிக்க முடியாது. உள்ளே இருக்கும் எழுத்துகள் கணினிக்குத் தமிழே அல்ல. அனுப்பியவரும் தேதியும்தான் அவற்றுக்கு ஒரே வழி. மறைந்துபோன பெரியவர் ஒருவர் எழுதிய மெயில்களை அவர் குடும்பத்துக்கு இப்படித்தான் மீட்டுக் கொடுத்தோம். முகவரியையும் ஒரு வருட இடைவெளியையும் கொடுத்ததும் வரிசையாக வந்தன. குறியாக்க மாற்றியில் போட்டுப் படித்தபோது அங்கிருந்த யாரும் பேசவில்லை.

எங்கே கிடக்கிறது?

சாதாரணத் தேடல் குப்பைத் தொட்டியையும் ஸ்பாமையும் தொடாது. எங்கும் இல்லை என்று முடிவு கட்டும் முன் இன்:எனிவேர் சேர்த்துத் தேடுங்கள். இரண்டிலுமே மெயில்கள் 30 நாளில் நிரந்தரமாக நீங்கிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். வரவேண்டிய ஓர் உறுதிப்படுத்தல் மெயில் வரவில்லை என்றால் இன்:ஸ்பாம் நியூவர்_தேன்:2டி என்று முதலில் பாருங்கள்.

நீங்கள் அனுப்பியவை இன்:சென்ட். படிக்காதவை இஸ்:அன்ரெட். நட்சத்திரமிட்டவை இஸ்:ஸ்டார்ட் (நட்சத்திரத்தைக் குறிக்கும் 'ஸ்டார்' என்பதிலிருந்து வரும் சொல், தொடக்கத்தைக் குறிக்கும் 'ஸ்டார்ட்' அல்ல). மெயில்களை வகைப்படுத்த லேபிள் என்ற பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்திருந்தால் லேபிள்: என்பதற்குப் பின்னால் அதன் பெயர்.

ஒன்றும் வரவில்லை, அல்லது கொட்டுகிறது

ஒன்றுமே வரவில்லை என்றால் நிபந்தனைகளில் ஒன்று தவறு. எது உங்களுக்கு மிகக் குறைவாக உறுதியோ அதை முதலில் எடுங்கள். பெரும்பாலும் அது சொல்லாகத்தான் இருக்கும். அடுத்து காலத்தை இருபுறமும் அகட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் இன்:எனிவேர். கடைசியாக, அது இந்தக் கணக்குக்கே வந்ததா என்று யோசியுங்கள். இரண்டு மூன்று முகவரி வைத்திருப்பவர்கள் தவறான பெட்டியில் மணிக்கணக்கில் தேடுவதுண்டு.

நூற்றுக்கணக்கில் வந்தால் ஒரு நேரத்தில் ஒரு நிபந்தனை மட்டும் சேருங்கள். ஐந்தையும் ஒரேயடியாகப் போட்டால் எது தப்பு என்று தெரியாது.

இன்னொன்று: 2025 மார்ச்சில் ஜிமெயில் தேடல் முடிவுகளைப் பொருத்தத்தின்படி அடுக்கத் தொடங்கியது. பழைய பழக்கத்தில் தேதி வரிசை என்று நம்பிக் கீழே போனால், தேடியதைத் தாண்டிப் போய்விடுவீர்கள். முடிவுகளுக்கு மேலேயே அண்மையவை முதலில் என்று மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

இடம் நிறைந்துவிட்டால்

இலவசக் கணக்குக்கு 15 ஜிபி. அதை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. நிறைந்தால் புதிய மெயில் வராது. ஆயிரம் சிறு மெயில்களை அழிப்பதைவிட நூறு பெரிய மெயில்களை அழிப்பதே பலன் தரும்:

லார்ஜர்:10எம் ஓல்டர்_தேன்:2ஒய்

10 எம்பிக்கு மேற்பட்டவை, இரண்டு வருடத்துக்கு மேல் பழையவை. லார்ஜர் கட்டளையில் எம் என்பது மெகாபைட். ஓல்டர்_தேன் கட்டளையில் அதே எழுத்து மாதம்.

அழிக்கும்போது ஓர் எச்சரிக்கை. உரையாடல் காட்சி இயங்கும்போது ஒரு வரியைத் தேர்ந்து அழித்தால், தேடலுக்குப் பொருந்தாத பதில்களும் சேர்ந்தே போகும். மொத்தமாக அழிக்கும் முன் அந்தக் காட்சியை நிறுத்துங்கள். முதல் பக்கத்தையாவது ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். இந்த வேலையைக் கணினியில் செய்யுங்கள். தேடலுக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் ஒருசேரத் தேர்ந்தெடுக்கும் வசதி அங்கேதான் தெளிவாக இருக்கிறது.

இதே நேரத்தில் இன்:சென்ட் ஹேஸ்:அட்டாச்மென்ட் என்றும் ஒருமுறை தேடிப் பாருங்கள். அடையாள அட்டை, வங்கிப் பக்கம், கையெழுத்துப் படிவம் என்று நாம் ஊருக்கெல்லாம் அனுப்பி மறந்தவை வரிசையாக நிற்கும். நம் கணக்குக்குள் யாராவது நுழைந்துவிட்டால் அவரும் இதே கட்டளைகளைத்தான் அடிப்பார். தேவையில்லாதவற்றை இன்றே அழித்துவிடுங்கள். குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள்.

வேறு மெயில் பயன்படுத்துபவர்களுக்கு

அவுட்லுக்கிலும் ஃப்ரம்:, டு:, சப்ஜெக்ட்: இதே பொருளில் வேலை செய்யும். இணைப்புக்கு மட்டும் ஹேஸ்அட்டாச்மென்ட்:யெஸ் என்று ஒரே சொல்லாக எழுத வேண்டும். விலக்குவதற்குப் பெரிய எழுத்தில் 'நாட்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போடலாம். ஆப்பிள் மெயிலில் பெயரை அடித்தால் கீழே பரிந்துரை வரும், அதைத் தேர்ந்தால் போதும். ஜிமெயில் செயலி வைத்திருப்பவர்கள் போனிலும் மேலே சொன்ன கட்டளைகளை அப்படியே அடிக்கலாம்.

நல்ல தேடலை வடிகட்டியாக மாற்றுதல்

ஒரு தேடலை வாரத்துக்கு இரண்டு முறை அடிக்கிறீர்கள் என்றால் அதை ஜிமெயிலிடமே ஒப்படைத்துவிடலாம். கணினியில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியைச் சொடுக்கினால் தேடல் விருப்பங்கள் விரியும். அதன் அடியில் வடிகட்டி உருவாக்கும் பொத்தான் இருக்கும். பொருந்துகிற மெயில் வந்ததும் லேபிள் ஒட்டு, நட்சத்திரமிடு, இன்பாக்ஸைத் தவிர்த்து ஒதுக்கு என்று எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஏற்கெனவே வந்திருக்கும் மெயில்களுக்கும் பொருத்தச் சொல்லும் ஒரு பெட்டி அங்கே உண்டு. அதை டிக் செய்தால் பழையவையும் ஒரே நிமிடத்தில் ஒழுங்காகிவிடும்.

வடிகட்டி, மெயில் வரும் அந்தக் கணத்தில் ஓடுவது. ஓல்டர்_தேன், இஸ்:அன்ரெட் போன்றவற்றுக்கு அங்கே வேலையில்லை. யார், தலைப்பு, இணைப்பு, சொல் ஆகியவற்றை மட்டும் கொடுங்கள். முதல் மாதம் அழிக்கச் சொல்லாமல் லேபிள் மட்டும் ஒட்டச் சொல்லுங்கள். அந்த லேபிளுக்குள் வேண்டிய மெயில் ஒன்றாவது மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அமைப்புகளில் வடிகட்டிகள் பக்கத்துக்குப் போய் விதியைத் திருத்திக்கொள்ளலாம்.